செனட் தீர்மானம் போட்டுப் பிறந்த தெய்வங்கள்

[காட்சி: உள்ளங்கையில் ஒரு சிறிய வெள்ளிக்காசு. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

வணக்கம். கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் இந்த வகை நிறையவே உண்டு. இதில் இருக்கும் முகம் திபேரியஸுடையது. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட பேரரசர். முகத்தைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகளில் 'திவி' என்றொரு சொல் இருக்கிறது, கவனியுங்கள். முழு வாசகத்தையும் தமிழில் சொன்னால், 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன், திபேரியஸ் சீசர் அகஸ்டஸ்.'

என் அப்பா கடவுள் என்று காசிலேயே அடித்து வெளியிடுகிறார் மகன். அதுவும் வளர்ப்பு மகன். அந்தக் கடவுள் பட்டத்தை வழங்கியது யார்? ரோமின் செனட், அதாவது மேட்டுக்குடியினரின் ஆட்சி அவை. முறைப்படி தீர்மானம் போட்டு வழங்கியது.

[காட்சி: ரோம் நகரம். இரவு வானில் ஒரு வால்மீன்.]

இதற்கு வழிகாட்டியது ஜூலியஸ் சீசரின் சாவு. கி.மு. 44 மார்ச் 15 அன்று அவரைக் குத்திக் கொன்றார்கள். அவருடைய தத்து மகனும் வாரிசுமான ஆக்டேவியனுக்கு அப்போது 18 வயது. கோடையில் சீசரின் பெயரால் அவர் விளையாட்டு விழா நடத்தியபோது, வானில் ஏழு நாள் ஒரு வால்மீன் தெரிந்தது. அது சீசரின் ஆன்மா என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். ஆக்டேவியன் விடுவாரா? சீசர் சிலையின் தலைக்கு மேல் ஒரு நட்சத்திரத்தைப் பொருத்திவிட்டார்.

கி.மு. 42 தொடக்கத்தில் செனட் சீசரைத் தெய்வமாக அறிவித்தது. இனி அவர் 'திவுஸ்' ஜூலியஸ். மனிதராகப் பிறந்து தெய்வமானவர்களுக்கு இந்தச் சொல்லே நிலைத்தது. வடமொழியின் 'தேவ' என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். புதிய தெய்வத்துக்குப் பூசாரியாக நியமிக்கப்பட்டவர், ஆக்டேவியனின் போட்டியாளர் மார்க் ஆண்டனி! ஆண்டனியிடம் படையும் அனுபவமும் இருந்தன. அவரால் எந்நாளும் சொல்ல முடியாத ஒன்றை ஆக்டேவியனால் சொல்ல முடிந்தது: நான் தெய்வத்தின் மகன். செத்தவருக்குக் கோயில், இருப்பவருக்கு ஆட்சி. இந்த ஏற்பாட்டை ரோம் பிறகு பல நூற்றாண்டுகளுக்குக் கைவிடவே இல்லை.

அந்த ஆக்டேவியன்தான் அகஸ்டஸ். கி.பி. 14-ல் அவர் இறந்தபோது, நூமேரியஸ் அட்டிகஸ் என்ற செனட் உறுப்பினர், அகஸ்டஸ் வானுக்கு ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அகஸ்டஸின் மனைவி லிவியா அந்த அட்டிகஸுக்குப் பத்து லட்சம் செஸ்டெர்ஷியஸ் காசுகள் கொடுத்ததாக வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதுகிறார். அன்று ஒரு படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 900. ஆயிரத்து நூறு ஆண்டுச் சம்பளம் ஒரே சாட்சிக்கு!

[காட்சி: அரண்மனை வாசல். தந்தக் கட்டிலில் ஒரு மெழுகு உருவம்.]

காலப்போக்கில் இது பெரிய சடங்காக வளர்ந்தது. பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் கி.பி. 211-ல் பிரிட்டனில், இன்றைய யார்க் நகரில் இறந்தார். உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். ரோமுக்கு வந்தது சாம்பல் மட்டும். ஆனால் சடங்குக்கு ஓர் ஆள் வேண்டுமே? அவரைப் போலவே மெழுகில் உருவம் செய்து, நோயாளியைப் போல முகத்தை வெளிறவைத்து, அரண்மனை வாசலில் கட்டிலில் கிடத்தினார்கள். ஒரு பக்கம் கறுப்பு உடையில் செனட் உறுப்பினர்கள், மறுபக்கம் வெள்ளை உடையில் பெண்கள். ஏழு நாளும் மருத்துவர்கள் வந்து மெழுகைப் பரிசோதித்து, 'நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது' என்று அறிவித்தார்கள். சாம்பலாகிவிட்டவருக்கு!

பிறகு பல அடுக்குகளாக, கலங்கரை விளக்கம் போல எழுப்பிய சிதை. தீ மூட்டியதும் உச்சியிலிருந்து ஒரு கழுகு பறக்கவிடப்படும். அதுவே பேரரசரின் ஆன்மாவைச் சுமந்து போகிறது என்பது நம்பிக்கை. இதையெல்லாம் ஹெரோடியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.

ரோமானியர்கள் இதை நிஜமாகவே நம்பினார்களா? சிரித்தவர்களும் இருந்தார்கள். நோய்ப்படுக்கையில் பேரரசர் வெஸ்பாசியன், 'ஐயோ, நான் தெய்வமாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே' என்றாராம். பேரரசர் கிளாடியஸ் தெய்வமானதை தத்துவஞானி செனெகா நையாண்டி செய்து ஒரு நூலே எழுதினார்.

ஆனால் எல்லாவற்றையும் மேலிருந்து திணித்த நாடகம் என்று ஒதுக்கவும் முடியாது. கிழக்கே கிரேக்க நகரங்கள், அலெக்ஸாண்டர் காலத்திலிருந்தே அரசர்களை வணங்கிப் பழகியவை. உயிரோடிருக்கும் பேரரசருக்கே கோயில் கட்ட அவை அனுமதி கேட்டு நின்றன. திபேரியஸுக்குக் கோயில் கட்டும் உரிமைக்காக ஆசியா மாகாணத்தில், அதாவது இன்றைய மேற்குத் துருக்கியில், பதினொரு நகரங்கள் போட்டியிட்டன. கி.பி. 26-ல் ஸ்மிர்னா வென்றது. கோயில் வந்தால் திருவிழா வரும், பக்கத்து ஊரை விடப் பெருமை வரும், உள்ளூர்ப் பணக்காரர்களுக்குப் பூசாரிப் பதவி வரும். நம் ஊர்க் கோயில்களில் முதல் மரியாதைக்கு நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மறுத்தவர்களுக்கு நிலைமை வேறு. கி.பி. 112 வாக்கில் கிறிஸ்தவர்களை விசாரித்த ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனின் உருவத்துக்கு முன் சாம்பிராணியும் மதுவும் படைக்கச் சொன்னார். படைத்தவர்கள் தப்பினார்கள்.

திபேரியஸ் கதை வேடிக்கையானது. ஸ்பெயின்காரர்கள் கோயில் கட்டக் கேட்டபோது, 'நான் சாகப்போகும் மனிதன்' என்று செனட்டில் பேசி மறுத்தார். இறந்த பிறகு செனட் அவரைத் தெய்வமாக்கவும் இல்லை. தெய்வத்தின் மகனாகவே போய்ச்சேர்ந்தார்.

[காட்சி: பொற்காசு. முகத்தின் குறுக்கே ஆழமான வெட்டு.]

கடைசியாக இன்னொரு காசு. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. திபேரியஸ் காசுகளும் அவற்றில் உண்டு. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். இனி இது காசாகச் செல்லாது, எடைக்கு எடை பொன் என்று காட்டவே அந்த வெட்டு என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். உளி பிடித்தவருக்கு அந்த லத்தீன் எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.