எடைக் கருவி காட்டாத முன்னேற்றம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடு நடைப்பயிற்சியைத் தொடங்குகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். புத்தாண்டு நாளிலோ, மருத்துவர் எச்சரித்து அனுப்பிய மறுநாளிலோ, வீட்டில் ஒரு திருமணம் நிச்சயமான வாரத்திலோ அந்தத் தீர்மானம் பிறக்கிறது. புதிய காலணி வாங்குகிறார்கள், இருள் பிரியும் முன்பே எழுந்து நடக்கிறார்கள், இரவில் சோற்றை நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் எடைக் கருவியில் ஏறிப் பார்த்தால், எடை அப்படியே இருக்கிறது, அல்லது அரைக் கிலோ கூடியிருக்கிறது. அந்த வாரத்தோடு நடையும் நின்றுபோகிறது. இப்படி நின்றுபோனவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று வீட்டாரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அவர்கள் உழைத்தது உண்மை. அந்த உழைப்பை அளக்க அவர்கள் தேர்ந்துகொண்ட அளவுகோல்தான் பொருந்தாதது.

நடப்பது, தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது, நேரத்தோடு உறங்கப்போவது ஆகியவை நம் கையில் உள்ள செயல்கள். எடை அவற்றின் விளைவு. அதுவும் பல வாரங்கள் கழித்து, பல காரணங்களோடு கலந்து வெளிப்படுகிற விளைவு. நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்து தங்குகிறது. ஆகவே ஒரு கல்யாண விருந்துக்கோ உப்பு மிகுந்த உணவுக்கோ அடுத்த நாளும், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், கொழுப்பு சிறிதும் கூடாமலே எடை ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏறக்கூடும். பட்டினி கிடந்து முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைத்துவிட்டதாக மகிழ்கிறவர்கள் இழந்ததிலும் பெரும்பங்கு நீர்தான். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அது ஒரு வாரத்து நடையில் கரைந்துவிடாது.

இங்கே சென்னையில் நடந்த ஓர் ஆய்வை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் மக்களையே கொண்டு நடத்தப்பட்ட அந்த ஆய்வு நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டு வெளியாயின. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, அதாவது இரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடியும் நோயின் எல்லையைத் தொடாமலும் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினரிடம் நாள்தோறும் அரை மணி நேரமாவது விரைந்து நடக்கவும், சர்க்கரையையும் எண்ணெயையும் தீட்டிய தானியங்களையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டவும் சொல்லி, அவர்களைத் தொடர்ந்து சந்தித்து ஊக்கமளித்தனர். மூன்றாண்டு அளவில், பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் அது ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்தது. இத்தனைக்கும், நடந்தவர்களின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை.

இதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மனிதர்கள் எடைக் கருவியை மட்டும் நம்பியிருந்தால், பயன் ஏதும் இல்லை என்று ஆறாவது மாதத்திலேயே நடையை விட்டிருப்பார்கள். அவர்களுடைய தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை முன்பைவிட நன்றாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்த மாற்றம் எந்தக் கருவியின் முகப்பிலும் தெரிந்திருக்காது. எடை குறைவதால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும் இலக்குகளாக வைக்கப்பட்டன. நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோ அளவுதான். இருபது கிலோ குறைத்தால்தான் உடல்நலம் என்று எண்ணித் தொடங்காமலே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தைரியம் தர வேண்டும்.

அளந்தே ஆக வேண்டும் என்பவர்கள் எடையோடு இடுப்பளவையும் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில், தையல் நாடாவால் அளந்தால் போதும். இந்தியர்களுக்கு, ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் வகுத்த எல்லை. கையும் காலும் மெலிந்திருக்கத் தொப்பை மட்டும் முன்வந்து நிற்பது நம் நாட்டில் பரவலாகக் காணும் உடல்வாகு. அந்தத் தொப்பையின் உள்ளே, குடல்களைச் சுற்றிப் படியும் கொழுப்பே சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி திறக்கிறது. மாதம் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்வது நாள்தோறும் எடை பார்த்து மனம் வாடுவதைவிட நல்லது.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற இலக்கும் பலரை மலைக்க வைக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்குப் பிறகு, 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவ ஆய்வில் பிறந்தது இல்லை. அமெரிக்காவில் முதிய பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது; சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் நன்மை காணப்படவில்லை. ஆகவே இப்போது இரண்டாயிரம் அடி நடப்பவர் மூவாயிரத்தை இலக்காகக் கொள்ளலாம்; அது நிலைத்த பிறகு அடுத்த ஆயிரத்தைப் பற்றி யோசிக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

இனி ஊக்கம் பற்றி. ஊக்கம் வந்தால் நடப்பேன் என்று காத்திருப்பவர்களுக்கு ஊக்கம் வருவதில்லை. பிரிட்டனில் மாணவர்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கிச் சொன்ன பிரிவில் 35 விழுக்காட்டினரே அடுத்த வாரம் பயிற்சி செய்தனர். ஏதும் சொல்லப்படாதவர்களிலும் ஏறக்குறைய அதே அளவினர் செய்தனர். நன்மைகளைச் சொன்னதோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று எழுதவும் வைத்த பிரிவில் 91 விழுக்காட்டினர் செய்து முடித்தனர். நாளை முதல் நடப்பேன் என்பது வெறும் ஆசை. மாலை ஆறு மணிக்குக் கடை அடைத்ததும் பேருந்து நிலையம் வரை நடந்து திரும்புவேன் என்பது திட்டம்.

நாட்கள் தவறத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழை நம் நடையை வாரக்கணக்கில் நிறுத்திவிடும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் நின்றுபோகும். புதுப் பழக்கங்கள் எப்படி வேரூன்றுகின்றன என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆராய்ந்தவர்கள், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை பிடிக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆதலால் விட்டுப்போன நாளுக்கு அபராதமாக மறுநாள் இருமடங்கு நடக்க வேண்டாம். வழக்கமான நடையை மறுநாள் தொடர்ந்தால் போதும். மழைநாளுக்கென்று ஒரு மாற்று ஏற்பாட்டையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: மாடிப்படி ஏறி இறங்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பல முறை செய்யலாம், சுவரில் கை ஊன்றித் தள்ளலாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதால், மழை விட்ட பிறகும் இவற்றைக் கைவிட வேண்டியதில்லை.

நிறைவாகக் குடும்பத்தினரிடம் ஒரு வேண்டுகோள். காலை ஐந்து மணி முதல் எட்டரை மணி வரை சமையலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், பெரியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதுமாக இருக்கும் ஒரு பெண்ணிடம், நீ ஏன் நடக்கப் போவதில்லை என்று கேட்பதில் பொருளில்லை. அவருக்கு அறிவுரை தேவைப்படவில்லை, அரை மணி நேரம் தேவைப்படுகிறது. அந்த அரை மணி நேரம் அடுப்பைக் கணவரோ வளர்ந்த மகனோ பார்த்துக்கொள்ளலாம். இட்லியை வேக வைத்து எடுப்பதும், பிள்ளைக்குத் தலை வாரி விடுவதும் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகளே. எந்தெந்த நாளில் யார் பார்த்துக்கொள்வது என்பதை இன்று இரவே பேசி முடிவு செய்து, நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.