எந்தத் தடுப்பூசியைத் தேர்ந்தெடுப்பது?

நேயர்களுக்கு என் வணக்கம். ஒரே நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடுப்பூசிகள் கிடைக்கும்போது, பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் எதைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கும் வல்லுநர் குழு எந்த வழியில் முடிவுக்கு வர வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன்.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிராக வாய்வழியே புகட்டப்படும் நான்கு தடுப்பு மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் முன்தகுதி, அதாவது தரத்தை ஆய்ந்து தரும் ஒப்புதல், வழங்கியிருக்கிறது. ரோட்டாரிக்ஸ் இரண்டு தவணை. ரோட்டாடெக், ரோட்டாவாக், ரோட்டாசில் ஆகியவை மூன்று தவணை. நான்கில் எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் தேடுவது சோதனையில் கிடைத்த செயல்திறன் விழுக்காட்டைத்தான். ஆனால் ஒரே ரோட்டா தடுப்பு மருந்து, குழந்தை இறப்பு குறைவாக உள்ள நாடுகளில் கூடுதலாகவும், இறப்பு மிகுந்த நாடுகளில் குறைவாகவும் பாதுகாப்புத் தருவது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. ஆகவே, ஒரு நாட்டில் சோதிக்கப்பட்ட மருந்தின் எண்ணையும் வேறொரு நாட்டில் சோதிக்கப்பட்ட மருந்தின் எண்ணையும் அருகருகே வைத்தால், மருந்துகளோடு சேர்த்து நாடுகளையும் ஒப்பிட்டவர்கள் ஆகிறோம்.

இத்தகைய குழப்பத்தைத் தெளிவாக்க உதவுவதே பல அளவுகோல் முடிவாய்வு என்னும் முறை. எவையெவை கணக்கில் வரும் என்று முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் எடைமதிப்பு கொடுத்து, பிறகு ஒவ்வொரு தடுப்பூசிக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டுவது அதன் சுருக்கம். தடுப்பூசி தீங்கு செய்யாது என்ற பாதுகாப்பு இந்தக் கூட்டலுக்குள் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது வாசற்படி. அதைத் தாண்டாத தடுப்பூசியை, விலை மலிவு என்பதற்காக உள்ளே விட முடியாது.

எடைமதிப்பு தருவதில்தான் பல குழுக்கள் தவறுகின்றன. செயல்திறன் முக்கியமா, விலை முக்கியமா என்று பொதுவாகக் கேட்டால், செயல்திறன்தான் என்று எவரும் சொல்லிவிடுவார். ஆனால் போட்டியில் இருக்கும் தடுப்பூசிகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே செயல்திறன் கொண்டவையாக இருந்தால், அந்த அளவுகோல் எவ்வளவு உயர்ந்ததாயினும் தேர்வுக்கு உதவாது. எனவே கேள்வியை இப்படி அமைக்க வேண்டும்: எல்லா அளவுகோல்களிலும் கடைசி நிலையில் உள்ள ஒரு தடுப்பூசியைக் கற்பனை செய்யுங்கள்; ஒன்றே ஒன்றில் மட்டும் அதை முதல் நிலைக்கு உயர்த்தலாம் என்றால் எதில் உயர்த்துவீர்கள்? அதற்கு 100 கொடுங்கள். மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள். மருந்துகளின் பெயரை மறைத்து, இதை மதிப்பெண் இடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பெயர் தெரிந்த பிறகு தரப்படும் எடைமதிப்பு, மனத்துக்குள் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சாதகமாகவே சாய்ந்துவிடும்.

விலையையும் எளிய எண்ணாகக் கருத முடியாது. தட்டம்மைத் தடுப்பூசித் தூளை அதற்குரிய நீர்மத்தில் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். முகாம் அதற்கு முன்பே முடிந்தால் எஞ்சியதை அப்போதே கொட்டிவிட வேண்டும். பத்துத் தவணைக் குப்பியில் ஒரு தவணையின் விலை, ஒற்றைத் தவணைக் குப்பியின் விலையில் பாதி என்று வைத்துக்கொள்வோம். அன்றைய முகாமுக்கு மூன்று குழந்தைகளே வந்தால், ஐந்து ஒற்றைக் குப்பிகளின் விலையைக் கொடுத்து மூவருக்கே ஊசி போட்டிருப்போம். இன்னும் கவலைக்குரியது, வீணாகிவிடுமே என்று தயங்கும் செவிலியர் குப்பியைத் திறக்காமல், அடுத்த முறை வாருங்கள் என்று தாயைத் திருப்பி அனுப்புவது. மறுபுறம், ஒற்றைக் குப்பிகள் குளிர்பெட்டியில் அடைக்கும் இடம் மிக அதிகம். இவற்றை அன்றாடம் கண்ணால் பார்ப்பவர் செவிலியர். குழுவில் அவருக்கு ஓர் இருக்கை கட்டாயம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கூட்டுத்தொகை கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. விலைக்கு 60 என்ற எடைமதிப்பைக் கொடுத்திருந்தால், அதை 50 ஆக்கியும் 70 ஆக்கியும் மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும். மற்ற எண்களுக்கும் அப்படியே. வரிசை மாறாவிட்டால் பரிந்துரையைத் துணிந்து எழுதலாம். ஓர் எண்ணின் சிறு அசைவிலேயே முதலிடம் கைமாறினால், குழு வாக்கெடுப்புக்கு விரையாமல் அந்த எண்ணை மட்டும் மீண்டும் விவாதித்து, எந்தக் காரணத்துக்காக அதை ஏற்றது என்பதைப் பரிந்துரையிலேயே பொதுமக்கள் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். நன்றி, வணக்கம்.