கிட்டார் இரைச்சலும் அதை அடக்கும் பெடலும்

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி வட்டாரத்தில் கோயில் கொடை விழா மேடையிலோ பாளையங்கோட்டையில் நடக்கும் ஒரு திருமண வரவேற்பிலோ மெல்லிசைக் குழு பாடத் தொடங்கும் முன்பே, ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்பதுண்டு. எலக்ட்ரிக் கிட்டாரிலிருந்து வரும் அந்த இரைச்சலையும், அதை அடக்குவதற்கென்று விற்கப்படும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டியான 'நாய்ஸ் கேட்' பெடலையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின் மீது சுற்றிய மெல்லிய கம்பிச்சுருள். அது தந்தியின் அதிர்வை மட்டுமல்லாமல், நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் சீரியல் விளக்குகளும் சோக் வைத்த டியூப்லைட்டும் சுற்றிலும் எழுப்பும் காந்தப்புலத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. 1955-இல் கிப்சன் என்ற கிட்டார் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் என்ற பிக்கப், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரண்டிலும் ஒன்றுபோல் நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்தது. காந்தத் துருவங்களும் மாறியிருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் கூடிவிடுகிறது. ஆனால் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் பலமடங்கு பெருக்கித் தரும் 'உஸ்' என்ற சீறலை ஹம்பக்கரால் நிறுத்த முடியாது.

அந்த இடத்தில்தான் நாய்ஸ் கேட் உதவுகிறது. ஒலியின் வலிமை நாம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் அது வாய்க்கால் மடையைப் போல வழியை அடைத்துவிடும். வாசிக்கும்போது மடை திறந்தே இருப்பதால் இரைச்சலும் இசையோடு சேர்ந்தே வரும் என்பதைக் கடைக்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆகவே கேபிள், அடாப்டர், எர்த் ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இரைச்சல் குறைகிறதே என்று ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடுவது உயிருக்கே ஆபத்தானது. தந்தியில் ஒரு கையும் மைக்கில் உதடும் படும்போது மின்சாரம் உடல்வழியே பாயக்கூடும்.

பெடலை வைக்கும் இடமும் முக்கியம். டிஸ்டார்ஷனுக்குப் பின்னும், எக்கோ தரும் டிலே பெடலுக்கு முன்னும் வைத்தால் எக்கோவின் வால் அறுபடாது. 1987-இல் வெளிவந்த, பாஸ் (Boss) நிறுவனத்தின் என்.எஸ்-2 போன்ற பெடல்களில் ஒலியை வெளியே அனுப்பவும் திரும்ப வாங்கவும் தனியாக செண்ட், ரிட்டர்ன் துளைகள் உண்டு. டிஸ்டார்ஷனை அவற்றுக்கு நடுவே இணைத்தால், கிட்டாரிலிருந்து நேரே வரும் தெளிவான ஒலியைப் பார்த்தே மடை திறந்து மூடும்.

கிட்டாரின் வால்யூமை வாசிக்கும் அளவிலேயே வைத்து, தந்திகளைக் கையால் அமர்த்திக்கொண்டு, மடை மூடும் அளவைக் குறிக்கும் த்ரெஷோல்ட் திருகை இரைச்சல் நிற்கும்வரை மட்டும் கூட்டுங்கள். பிறகு ஒரு தந்தியை மீட்டி அது தானாக அடங்கும்வரை கேளுங்கள். நாதம் பாதியில் வெட்டுப்பட்டால், மடை எவ்வளவு மெதுவாக மூட வேண்டும் என்பதைக் குறிக்கும் டிகே திருகைக் கூட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் த்ரெஷோல்டைச் சற்றுக் குறைத்து, மிஞ்சும் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். டிஸ்டார்ஷன் இல்லாமல் மெதுவாக வாசிக்கும் மெலடிப் பாடல்களுக்குப் பெடலை அணைத்துவிடுவதே நல்லது.