டூல் விளக்கத்தை யார் எழுத வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். ஏஐ ஏஜென்ட் என்கிற பேச்சு இப்போது நம் நீலகிரி வரைக்கும் வந்துவிட்டது. காட்டேஜ் நடத்துகிறவர்களும் காய்கறி அனுப்புகிற விவசாயக் குழுக்களும் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு சின்ன விஷயம், டூல் விளக்கம், அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காமல் வேலையையும் செய்து முடிக்கிற ஏஐதான் ஏஜென்ட். ஆனால் ரூம் புக் பண்ணுவதோ மண்டி விலை பார்ப்பதோ அதற்குத் தானாக வராது, நாம் செய்து கொடுக்கிற டூல்களை, அதாவது ஆளுக்கொரு வேலை செய்கிற சின்னச் சின்ன புரோகிராம்களை, கூப்பிட்டுத்தான் செய்யும். 2023 ஜூனில் ஓபன்ஏஐ நிறுவனம் தன் மாடல்களுக்கு, அதாவது ஏஜென்டுக்கு மூளையாக இருக்கிற ஏஐக்கு, இந்த வசதியைத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்கிற இன்னொரு ஏஐ நிறுவனம், டூல்களை ஏஜென்டோடு இணைக்க எம்சிபி என்று ஒரு பொது முறையை வெளியிட்டது. அதற்கப்புறம் கொஞ்சம் கோடிங் தெரிந்த யாரும் ஒரு டூல் எழுதி ஏஜென்டோடு இணைத்துவிடலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டூலுக்கு உள்ளே இருக்கிற கோடு, அதாவது புரோகிராம் வரிகள், பொதுவாக அந்த மாடலின் கண்ணில் படுவதே இல்லை. டூலின் பெயர், அதைப் பற்றிய ஒரு பத்தி விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்கிற பட்டியல், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். எந்த டூலை எடுப்பது, எப்போது எடுப்பது, கட்டத்தில் எதை நிரப்புவது, எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்கிறது.

இ-பாஸையே எடுத்துக்கொள்வோம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், நீலகிரியில் பதிவான நம் டிஎன் 43 வண்டிகளுக்கு இங்கே வேண்டாம். ஒரு காட்டேஜ்காரர் தன் ஏஜென்டுக்கு இரண்டு டூல் கொடுக்கிறார் என்று வையுங்கள், ஒன்று பாஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, இன்னொன்று புதிதாக விண்ணப்பிப்பதற்கு. இரண்டிலும் "இ-பாஸ் சம்பந்தப்பட்ட டூல்" என்று ஒரே வரி எழுதியிருந்தால், "என் வண்டிக்கு பாஸ் இருக்கிறதா பாருங்கள்" என்று சும்மா கேட்ட விருந்தாளியின் பெயரில் விண்ணப்பமே போய்விடலாம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "கொடுத்த வண்டி எண்ணுக்கு, கொடுத்த தேதிக்கு ஏற்கெனவே பாஸ் எடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். புதிதாக எடுக்காது. டிஎன் 43 வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை, அவற்றுக்கு இதைக் கூப்பிட வேண்டாம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடு." நாலைந்து வரிதான், ஆனால் டூல் எதைச் செய்யாது என்பதும் அதில் இருக்கிறது பாருங்கள், என்னைக் கேட்டால் அந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம். தேதி வரிசையும் அப்படித்தான். 5/6 என்று வந்தால் மே 6-ஆ ஜூன் 5-ஆ? சீசன் நேரத்தில் அந்த ஒரு மாத வித்தியாசம் சாதாரணமா?

அளவு இன்னொரு தொல்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு 45 கிலோ மூட்டைக் கணக்கில் போகிறது. லோடு பதிவு செய்கிற டூலில் "அளவு: எண்" என்று மட்டும் எழுதி, உள்ளே கோடு அதை மூட்டையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? கேத்தி பக்கத்து விவசாயி "90 கிலோ இருக்கு" என்கிறார், ஏஜென்ட் 90 என்று போடுகிறது, இரண்டு மூட்டைக்குப் பதிலாக 90 மூட்டை, அதாவது நான்கு டன்னுக்கு மேல் பதிவாகிவிடும். "மூட்டை எண்ணிக்கை, ஒரு மூட்டை 45 கிலோ, கிலோவில் சொன்னால் வகுத்துக் கொடு" என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஊர்ப் பெயரும் இப்படித்தான், ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றையும் மக்கள் சொல்வார்கள், டூல் எதை ஏற்கும் என்று பட்டியலே கொடுத்துவிட வேண்டும்.

டூல் திருப்பி அனுப்புகிற பிழைச் செய்தியையும் ஏஜென்ட் படிக்கிறது. "பிழை 400" என்று வெறும் எண்ணை மட்டும் அனுப்பினால் அது மறுபடி மறுபடி அதையே முயன்றுகொண்டிருக்கலாம். "தேதி கடந்துவிட்டது, இன்றோ அதற்குப் பிறகோ உள்ள தேதி கொடு" என்றால் பெரும்பாலும் அடுத்த தடவையே சரி செய்துகொள்ளும்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. மாடல் பொதுவாக ஒவ்வொரு முறையும் எல்லா டூல் விளக்கத்தையும் சுமக்கிறது, செலவும் கூடும், கவனமும் சிதறும்.

ஆனால் இந்த 45 கிலோவும் டிஎன் 43-உம் வெளியூரில் உட்கார்ந்து கோடு எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? மண்டியில் நிற்கிறவருக்கும் தேயிலை எடை போடுகிறவருக்கும் காட்டேஜ் ரிசப்ஷனில் போன் எடுக்கிறவருக்கும்தான் தெரியும். அதனால் உங்களுக்கு யாராவது டூல் செய்து தருகிறேன் என்று வந்தால், அந்த விளக்கப் பத்தியை வாங்கி ஒரு தடவை படியுங்கள். கோடு புரிய வேண்டியதில்லை, அது சாதாரண வாக்கியம்தான். தொழிலுக்குப் புதிதாக வந்த ஒருவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்வாரா என்று பாருங்கள். விட்டுப்போனதை நீங்களே எழுதிக் கொடுத்து அதில் சேர்க்கச் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை அவர்கள் பேசுகிற மாதிரியே கேட்டு, ஏஜென்ட் எந்த டூலை எடுக்கிறது என்று உங்கள் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். வணக்கம்.