தனியாகப் பேசுகிறவர்களா நாங்கள்?

(குன்னூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘மாறிவரும் வானொலித் துறையில் மனநிறைவான வேலைக்கு இன்னும் இடம் உண்டா, இல்லையா?’ ‘உண்டு’ அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், இந்தக் குளிரில் சால்வைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். கைதட்டும் நேரத்தில் மட்டும் கையை வெளியே எடுங்கள், போதும்.

நான் நேராக எதிரணித் தம்பியிடம் போகிறேன். அவர் என்ன சொன்னார்? “ரோட்டில் ஒருவர் தனியாகப் பேசிக்கொண்டு போனால் நாம் ஒதுங்கி நடப்போம். ரேடியோக்காரர்கள் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுகிறார்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள். இனிமேல் அதையும் கம்ப்யூட்டரே பேசிவிடும், சம்பளம்கூட வேண்டாம்” என்றார். நீங்களும் சிரித்தீர்கள். முன்வரிசை அக்கா டீ சிந்தச் சிந்தச் சிரித்ததை நான் பார்த்தேன்.

தம்பி, 11 வருடமாக அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவள் நான். முதல் 3 வருடம் சமவெளியில் ஒரு தனியார் பண்பலையில் காலை நிகழ்ச்சி. ஒருநாள் கூப்பிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து சென்னையில் பேசுவதே எல்லா ஊருக்கும் போகும், உள்ளூரில் ஆள் தேவையில்லை என்றார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். ஆகவே, துறை மாறவில்லை என்று உங்களிடம் நான் வாதாடப் போவதில்லை. மாறிவிட்டது, என்மேலேயே மாறியது. அப்புறம் ஒரு சமுதாய வானொலியில் சேர்ந்தேன், அதாவது சுற்று வட்டார மக்களுக்காக, அவர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தும் சின்ன நிலையம். சம்பளம் குறைந்தது. இதோ, இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். ஏன் இருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

2019 ஆகஸ்ட். அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் பள்ளத்தாக்கில் அவ்வளவு இல்லை. ஆனால் சில்வர் ஓக் மரங்கள் கம்பிமேல் சாய்ந்து 3 நாள் கரண்ட் கிடையாது. செல்போன் டவரும் படுத்துவிட்டது. எங்களிடம் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது. இருந்த டீசலுக்குக் காலையில் 1 மணி நேரம், மாலையில் 1 மணி நேரம் என்று பங்கு போட்டுக்கொண்டோம். செய்தி வாசிக்க எங்களுக்கு அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆனால் மழை, பாதை, முகாம் எல்லாம் சொல்லலாம். அதைத்தான் சொன்னேன். எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள், பால் வண்டி எதுவரை வரும். பாட்டுப் போடவில்லை. ஒரு போன்கூட வரவில்லை. எப்படி வரும்? யார் கையிலும் சார்ஜ் இல்லையே!

உண்மையைச் சொல்கிறேன் தம்பி, உங்கள் வார்த்தை அந்த 3 நாளும் எனக்குள்ளும் ஓடியது. யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்?

ஒரு வாரம் கழித்து ஒரு தாத்தா நிலையத்துக்கு வந்தார். தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் கையை விட்டு இரண்டு டார்ச் செல் எடுத்து என் மேசைமேல் நிற்க வைத்தார். பெரிய செல். அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. “புது செல் வேணுமா தாத்தா?” என்று கேட்டேன். “வேணாம் புள்ள. இதுல இருந்ததெல்லாம் நீதான் பேசித் தீத்த. காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

(கைதட்டல்)

இருங்கள், கதை முடியவில்லை. அவர் எப்படிக் கேட்டார் என்பதல்லவா கதை!

பண்பலை அலை நேர்க்கோட்டில் போகிறது. மலை குறுக்கே வந்தால் பின்னால் இருக்கிற வீட்டுக்குக் கிடைக்காது. கொடைக்கானல் பண்பலை 100.5 உச்சியில் நிற்கிறது, அதனால் சமவெளியில் மாவட்டம் மாவட்டமாகக் கேட்கிறது. எங்களுடையது 100 வாட் நிலையம், பள்ளத்தாக்கில் பாதி வீட்டை மலையே மறைத்துக்கொள்ளும். தாத்தாவின் லயன், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அப்படி மறைந்த இடத்தில் இருக்கிறது. மேலே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் நாங்கள் கிடைப்போம். அவர் அந்த மழையில் மேட்டுக்கு ஏறினார். கொழுந்து பறிக்கிறவர்கள் மேலே போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, டிரான்சிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, 1 மணி நேரம் நின்று கேட்டார். இரண்டாம் நாள் செல் இறங்கிவிட்டது. வெயில் இருந்தால் வெயிலில் வைக்கலாம். வெயிலுக்கு எங்கே போவது? ராத்திரி அடுப்போரம் வைத்துச் சூடு காட்டினார். காலையில் மறுபடி பேசியது. மூன்றாம் நாள் அதுவும் போதவில்லை. இரண்டு செல்லையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டே படுத்தாராம். சாயந்திரம் போட்டார். மெல்லிசாக, கொசு பாடுகிற மாதிரி, என் குரல் வந்ததாம்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா? கீழே இறங்கி 20 வீட்டுக் கதவையும் தட்டினார். நான் சொன்னதை அப்படியே சொன்னார், “அன்பான நேயர்களே” என்று ஆரம்பித்து! அதே வார்த்தை, அதே இழுப்பு. லயன் பிள்ளைகள் இன்றைக்கும் அவரை “நேயர் தாத்தா” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தம்பி, கணக்கு போடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒருத்தி பேசினேன். மேட்டில் ஒருவர் நின்றார். 20 வீட்டில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனார்கள். இதில் யார் தனியாகப் பேசியது?

அந்த வளைவில் மண் சரிந்தது என்று கம்ப்யூட்டர் குரல் என்னைவிடத் திருத்தமாகச் சொல்லும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு செல்லையும் தாத்தா எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுபோய் நிற்க வைப்பார்? அவை இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன. தூசி தட்டும்போதுகூடக் கவனமாக எடுத்து வைப்பேன்.

சரி, வேலை தேடும் பிள்ளைகளுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி வந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள், நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்து உருவாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தப் பாதியில்தான் உங்களுக்கு இடம். வெறும் குரலை நம்பி வராதீர்கள். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கோத்தர் ஊருக்கும் இருளர் ஊருக்கும் நடக்கத் தெரிய வேண்டும், அங்கே வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரிய வேண்டும். ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டும், அதையே செல்போனில் கேட்கிறவர்களுக்காக 5 நிமிடமாகச் சுருக்கவும் வேண்டும். இந்த மலையின் படுகர்கள் பேசும் படுகு மொழி தெரிந்த பிள்ளைக்கு இங்கே மதிப்பு அதிகம். சென்னையிலிருந்து ஒரே நிகழ்ச்சியை எல்லா ஊருக்கும் அனுப்பலாம், படுகு மொழியில் பச்சைத் தேயிலை விலையை அங்கிருந்து பேச முடியாது.

(மணி ஒலிக்கிறது)

ஐயா, ஒரே ஒரு நிமிடம். என் அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கதைதான். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி இந்த மலைக்கு வந்தவர்கள் நாம். அப்பாயி தகரப் பெட்டியில் கொண்டுவந்தது நான்கு சேலை, ஒரு குத்துவிளக்கு, சேலைக்குள் சுற்றிய ஒரு ரேடியோ. பிறந்த மண்ணோடு அவருக்கு மிஞ்சிய உறவு இலங்கை வானொலி ஒன்றுதான். கூடப் பிறந்த அண்ணன் போய்விட்டார் என்பதை அப்பாயி அதில் மரண அறிவித்தலில்தான் கேட்டார். கொழும்பில் ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதை வாசித்தவருக்கு, நீலகிரியில் ஒருத்தி அடுப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தது தெரியாது.

நான் வானொலியில் சேர்ந்தபோது அப்பாயிக்குக் கண் போய்விட்டது. சாயந்திரமானால் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொள்வார். நான் “வணக்கம்” என்றால் பெட்டியைப் பார்த்து “வா புள்ள” என்பாராம். நிகழ்ச்சி முடிந்து “நாளை இதே நேரம் சந்திப்போம்” என்று நான் சொன்னதும், “காட்டெரும நிக்கும், பாத்து வா புள்ள” என்று சொல்லிவிட்டுத்தான் ரேடியோவை அணைப்பாராம். அப்பாயி இறந்த பிறகுதான் அம்மா இதை என்னிடம் சொன்னார். அத்தனை வருடமும் எனக்குத் தெரியாது.

வானொலியில் மௌனம் பெரிய குற்றம். 2 நொடி சத்தம் இல்லாவிட்டால் தொழில்நுட்ப அறையிலிருந்து ஓடி வருவார்கள். ஆனால் இப்போதெல்லாம் “நாளை இதே நேரம் சந்திப்போம்” என்று சொல்லி முடித்ததும் நான் மைக்கை உடனே அணைப்பதில்லை. ஒரு 3 நொடி திறந்தே வைத்திருக்கிறேன். அப்பாயி சொல்லி முடிக்கட்டும் என்று.

வணக்கம்.