வலி போனால் நோய் போனதாகுமா?

எல்லோருக்கும் வணக்கம். முடக்குவாதத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தவுடன் வருகிற முதல் கேள்வி, "டாக்டர், இதுக்குப் பக்கவிளைவு உண்டா?" என்பதுதான். உண்டு. மறைக்கப் போவதில்லை. ஆனால் மருந்தே சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. அதையும் சேர்த்தே இன்று பேசுகிறேன்.

முடக்குவாதம் தேய்மானத்தால் வரும் மூட்டுவலி அல்ல. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. முதல் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே இது நடந்துவிடலாம். அரித்துப்போன எலும்பு பழையபடி வராது. வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும், அரிப்பை நிறுத்தாது. அதையே மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். கடையில் கேட்டவுடன் கிடைப்பதால் இந்த மாத்திரையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை!

ஸ்டீராய்டு கதை வேறு. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை முடக்குவாதத்துக்குப் போட்டபோது, நடக்கவே சிரமப்பட்ட நோயாளி சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. அப்புறம்தான் முகம் உப்புவது, எலும்பு மெலிவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் தெரியவந்தன. இன்று மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை, குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு மட்டும் தருகிறோம். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது.

சரி, எலும்பு அரிப்பையே கட்டுப்படுத்தும் முக்கியமான மருந்துக்கு வருவோம்: மெத்தோட்ரெக்சேட். "இது புற்றுநோய் மருந்தாமே!" என்று பதறுகிறார்கள். புற்றுநோய்க்குச் சில சமயம் கிராம் கணக்கில் கொடுப்பார்கள். நமக்கு வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். வாரத்துக்கு ஒரு முறை என்பதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள். கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தை விடாதீர்கள். குமட்டலும் வாய்ப்புண்ணும் குறையும். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பார்க்க, தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறையும் பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை வேண்டும். மதுவைத் தவிருங்கள். வறட்டு இருமலோடு மூச்சு வாங்கினால் அடுத்த வேளை மருந்தைப் போடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். மூன்றாவது வாரத்தில் "இது கேட்கவில்லை" என்று விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதற்கும் நோய் அடங்காதவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட பகுதியைக் குறிவைத்து அடக்கும் உயிரியல் ஊசிகள் இருக்கின்றன. நல்ல பலன் தரும். ஆனால் உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோயைச் சில ஊசிகள் எழுப்பிவிடும். அதனால் முதலில் அதற்கான சோதனை. இதே நோய்க்குத் தரும் டோஃபாசிடினிப் போன்ற புதுவகை மாத்திரைகளுக்கு, மாரடைப்பு, இரத்தக்கட்டு, புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக்கியது. வயதானவர்களும் புகைபிடிப்பவர்களும் இதை மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

முன்வரிசையில் ஒரு பெண் சீட்டு அனுப்பியிருக்கிறார்: குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? தாராளமாக. ஆனால் மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே வந்து சொல்லுங்கள். அதை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, கர்ப்ப காலத்திலும் தரக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கோ சல்ஃபாசலசைனுக்கோ மாற்றிக் கொடுப்போம்.