பதிவாளர் மேஜையில் மதத்துக்கு என்ன வேலை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்கக் கூடாது என்று மதங்கள் எதிர்ப்பது நியாயமே என முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். திருமணம் புனிதமான சடங்கு, அதில் அரசு கைவைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் ஐயா, வைக்கவே வேண்டாம்! யார் வைக்கச் சொன்னது?

2023-இல் உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கேட்ட வழக்கை விசாரிக்கத் தொடங்கியபோதே, மதம் சார்ந்த தனிச் சட்டங்களுக்குள் போகமாட்டோம், 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தில் ஐயர் உண்டா? பாதிரியார் உண்டா? காஜி உண்டா? 30 நாள் நோட்டீஸ், ஒரு பதிவாளர், மூன்று சாட்சி, அவ்வளவுதான். இதற்கு முன்னோடியான 1872-ஆம் ஆண்டுச் சட்டமோ, தொடக்கத்தில், ‘நான் இந்துவும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை, முஸ்லிமும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால்தான் மணம் முடித்துவைத்தது. மதம் இல்லாமலேயே மணக்கப் போடப்பட்ட பாதை இது. அங்கேயும் ஜமியத் உலமா-இ-ஹிந்த் என்ற முஸ்லிம் அமைப்பு எதிர்த்து மனுப் போட்டது. மற்ற மதத் தலைவர்களும் குரல் கொடுத்தார்கள். மற்ற விஷயங்களிலும் இந்த ஒற்றுமை இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும், நடுவர் அவர்களே!

“வழக்கில் தோற்றீர்களே” என்பார்கள். ஆமாம், 2023 அக்டோபர் 17-இல் தோற்றோம். மணந்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். ஆனால் வேதத்தையோ பைபிளையோ குர்ஆனையோ காட்டி மறுக்கவில்லை. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். நாடாளுமன்றத்தில் யார் சொல் எடுபடும் என்பதுதானே இன்றைய வழக்கே!

தமிழ்நாட்டுக்கு இது பழகிய சண்டை. புரோகிதர் இல்லாமல், ஹோமம் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பிள்ளை குட்டியோடு வாழ்ந்தவர்களைப் பார்த்து, ‘உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை’ என்றால் எப்படி இருந்திருக்கும்? 1967-இல் அண்ணா ஆட்சி சட்டம் போட்டது. மாலை மாற்றினாலும் செல்லும், மோதிரம் போட்டாலும் செல்லும், ஏற்கெனவே நடந்தவையும் செல்லும் என்றது. அதனால் எந்தக் கோயிலில் முகூர்த்தம் குறைந்தது? இன்றும் வைகாசியில் மண்டபம் கிடைப்பதில்லை!

மதகுருக்களை வற்புறுத்துவார்கள் என்ற பயமும் வேண்டாம். இங்கிலாந்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விருப்பமில்லாத எந்தச் சபையும் நடத்திவைக்க வேண்டியதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது. அதே வரியை இங்கும் எழுதிக்கொள்ளுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

கடைசியாக ஒன்று. 2024-இல் மத்திய அரசே இப்படிப்பட்ட இணையரை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருதச் சொன்னது. கூட்டு வங்கிக் கணக்குக்கும் தடையில்லை என்றது. அரிசி வாங்க ஒரே குடும்பம். ஒருவர் இறந்தால் மற்றவர் வாரிசு இல்லை. அரிசியில் கெடாத புனிதம் வாரிசுச் சான்றிதழில் எப்படிக் கெடும்? அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.